கிணற்றுத் தண்ணீரும் ஹீற்றரும்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அறியக் கேத்திலைத் திறந்து பார்த்தால் போதும். அடியில் வெள்ளைப் பொருக்கு தடிப்பாகப் பிடித்திருக்கும். குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்தது திரும்பவும் கல்லாகிறது. வேலணை, புங்குடுதீவு போன்ற தீவுப் பக்கங்களிலும் கரையோரங்களிலும் உவரும் சேர்ந்துகொள்ளும்.

கேத்திலை நாங்கள் உரஞ்சிக் கழுவுகிறோம். ஹீற்றரின் உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஹீற்றர் பழுதென்று சொல்லும் வீடுகளில் திரும்பத் திரும்பக் காண்பது இந்தப் படிவைத்தான். எலிமென்றை மாற்றுவார்கள், ஒரு வருடத்தில் அதுவும் எரியும், பிறகு புது ஹீற்றரே வாங்குவார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றைக் கழுவியே காப்பாற்றியிருக்கலாம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு கூடிய காரணத்தில் முடித்திருக்கிறேன். கீசர் என்று நான் எழுதுவது தண்ணீரைத் தாங்கியில் சேர்த்து வைத்துச் சூடாக்கும் வகையை. ஷவருக்குப் பக்கத்தில் பூட்டும் சின்னப் பெட்டியை உடனடி ஹீற்றர் என்று எழுதுகிறேன்.

## எதையும் கழற்ற முன்

ஹீற்றரின் சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. மெயின் போர்ட்டில் அந்த லைனுக்கான பிரேக்கரையும் நிறுத்துங்கள். மூடியைத் திறந்ததும் ரெஸ்ரரால் கரண்ட் இல்லையென்று பாருங்கள். அந்த ரெஸ்ரர் வேலை செய்கிறதா என்று வேறொரு பிளக்கில் முதலே பார்த்து வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆறும்வரை பொறுத்திருங்கள். கீசரில் திரும்பத் தண்ணீர் நிரம்பி, சுடுநீர்ப் பைப்பில் காற்று இல்லாமல் தண்ணீர் ஓடும்வரை சுவிச்சைப் போடக்கூடாது. வெறும் தாங்கியில் எலிமென்ற் சூடேறினால் சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

## அறிகுறி: சூடாக நேரம் எடுக்கிறது, அல்லது சுடுநீர் சீக்கிரம் முடிகிறது

முதலில் நேரத்தைப் பிடித்துப் பாருங்கள். 30 லீற்றர் கீசரில் 2000 வாற்ஸ் எலிமென்ற் இருந்தால், எங்கள் ஊர்க் கிணற்று நீரை 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 35 நிமிடம் பிடிக்கும். 1500 வாற்ஸ் என்றால் 45 நிமிடம். வாற்ஸ் எவ்வளவென்று பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் இருக்கும். இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் ஹீற்றரில் பிழை இல்லை, பாவனைதான் கூடியிருக்கிறது.

பின்னேரத்தில் மட்டும் தாமதமா? அப்படியென்றால் வோல்ற் குறைவாக இருக்கலாம். 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் வெப்பம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில் இது நடக்கும். காலையில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஹீற்றரைத் தொடவே வேண்டாம், உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

எந்த நேரமும் அரைச்சூட்டிலேயே லைற் அணைகிறதா? சூட்டுக் குமிழ் குறைவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் உள்ளே படிவு என்று எடுத்துக்கொள்ளலாம். எலிமென்றையும் தெர்மோஸ்டாற் குழலையும் பொருக்கு சேர்த்து மூடும்போது எலிமென்றின் சூடு நேரே தெர்மோஸ்டாற்றுக்குப் போகிறது. தாங்கி முழுக்கச் சூடாகிவிட்டதென்று அது நினைத்து அணைத்துவிடும். கழுவினால் தீரும்.

நன்றாகச் சூடாகிறது, ஆனால் இரண்டு வாளியோடு முடிகிறதா? தாங்கியின் அடியில் பொருக்கும் சேறும் இடத்தைப் பிடித்திருக்கும். இதற்கும் கழுவுவதே வழி.

கழுவிய பிறகும் அரைச்சூடுதான் என்றால் தெர்மோஸ்டாற்றை மாற்ற வேண்டும். அதே வகை, அதே நீளக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

## அறிகுறி: சூடாகும்போது கடகடவென்று சத்தம்

இது படிவின் குரல்தான், வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். பொருக்குக்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் ஆவியாகி வெடித்து வருகிறது. எலிமென்ற் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே சூடேறிக்கொண்டிருக்கிறது. சத்தம் தொடங்கிய பிறகும் கழுவாமல் விட்டால் அடுத்து வருவது கீழே சொல்லும் ட்ரிப் பிரச்சினை. ஆகவே சத்தம் கேட்கிற மாதத்திலேயே கழுவிவிடுங்கள்.

### கீசரைக் கழுவும் விதம்

கரண்டை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பின், கீசருக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடுங்கள். ஒரு சுடுநீர்ப் பைப்பைத் திறந்து விடுங்கள், காற்று உள்ளே போக வேண்டும். குளிர்நீர் வரும் குழாயைக் கழற்றி வாளியில் வடிய விடுங்கள். பிறகு மூடியைத் திறந்து, வயர்கள் எந்த எந்த இடத்தில் இருந்தன என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துவிட்டு, தெர்மோஸ்டாற்றை இழுத்தெடுத்து, தட்டின் நட்டுகளைக் கழற்றுங்கள். பெரும்பாலான கீசர்களில் எலிமென்றும் மக்னீசியம் கம்பியும் ஒரே தட்டில்தான் வரும். தட்டோடு மிச்சத் தண்ணீரும் பொருக்கும் கொட்டும். கீழே பெரிய பேசின் ஒன்று இருக்கட்டும்.

பொருக்கை ஸ்குரூ ட்ரைவரால் கொத்தக் கூடாது. எலிமென்றின் வெளிக்குழல் மெல்லியது. ஒரு கீறல் போதும், பிறகு ட்ரிப் அடிக்கத் தொடங்கும். தளர்ந்து நிற்பதைக் கையால் உதிர்த்துவிட்டு, மிச்சத்தை அமிலத்தில் ஊற விடுங்கள். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 50 கிராம் சித்திரிக் அமிலத் தூள் போதும். கேக் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வெள்ளை வினாகிரியை அப்படியே பாவிக்கலாம், நேரம் கூடப் பிடிக்கும். நுரைத்துக்கொண்டிருந்தால் கரைகிறதென்று அர்த்தம். நுரை நின்றும் பொருக்கு மிஞ்சினால் புதுக் கரைசல் ஊற்றுங்கள். வயர் பூட்டும் முனைகள் நனையக் கூடாது. மக்னீசியம் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டே ஊறப் போடுங்கள், அமிலத்தில் அது கரைந்து போகும்.

இரண்டு விஷயங்களில் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிவறைக்கு ஊற்றும் அசிட்டை ஹீற்றருக்குள் விடாதீர்கள். அது பொருக்கோடு சேர்த்துத் தாங்கியின் உட்பூச்சையும் எலிமென்றையும் தின்றுவிடும். இரண்டாவது, கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் எங்கள் வீடுகளில் குளியலறை மூலையிலேயே இருக்கும். எந்த அமிலமும் அதோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். பூட்டிய குளியலறைக்குள் அது ஆளைக் கொல்லும். வேலை தொடங்க முன் அந்த வாளியை வெளியே வையுங்கள்.

தாங்கியின் அடியில் கிடப்பதைக் கையால் அல்லது பிளாஸ்ரிக் கரண்டியால் வாரி எடுங்கள். இரும்பால் சுரண்ட வேண்டாம். மக்னீசியம் கம்பி பாதி மெலிந்திருந்தால், அல்லது நடுவில் உள்ள இரும்புக் கம்பி தெரிந்தால், இப்போதே மாற்றுங்கள். தாங்கிக்கு வரவேண்டிய துருவைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே அது அங்கே இருக்கிறது. உவர் கூடிய தண்ணீரில் இன்னும் வேகமாகக் கரையும். தட்டுக்கும் தாங்கிக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான காஸ்கெற்றைப் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திருப்பிப் போட்டால் சொட்டும், சொட்டுகிற தண்ணீர் நேரே வயர் முனைகளில்தான் விழும்.

தட்டின் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் திருகாதீர்கள். போல்ற் முறிந்தால் தாங்கியே வீணாகும். அந்த இடத்தில் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: கொஞ்சமும் சூடாகவில்லை

சுவிச்சின் லைற் எரியவில்லையா? பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்ததாகச் சுவிச். கறுத்தோ உருகியோ இருந்தால் அதைத் தொடாமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

சுவிச்சில் லைற் எரிகிறது, ஹீற்றரில் எரியவில்லையா? அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வேலை செய்திருக்கலாம். மூடிக்குள், தெர்மோஸ்டாற்றின் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். கரண்டை நிறுத்திவிட்டு அழுத்துங்கள், கிளிக் என்று கேட்கும். ஒருமுறை அழுத்திச் சரிவந்தால் சரி. திரும்பவும் விழுந்தால் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். தெர்மோஸ்டாற் பழுதாகவோ படிவு கூடியோ இருக்கிறது.

இரண்டிலும் லைற் எரிகிறது, சூடு மட்டும் இல்லையா? எலிமென்ற் அறுந்திருக்கும். மல்ரிமீற்றர் இருந்தால், வயரைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 1500 வாற்ஸ் எலிமென்றுக்கு 35 ஓம், 2000க்கு 26, 3000க்கு 18 அளவில் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் எலிமென்ற் முடிந்தது. புதியது பூட்டும்போது தாங்கியையும் கழுவி, மக்னீசியம் கம்பியையும் பாருங்கள். பொருக்குக்குள் புது எலிமென்றைச் செருகினால் அதுவும் பழையதன் வழியில்தான் போகும்.

## அறிகுறி: ட்ரிப் சுவிச் விழுகிறது

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டது. ட்ரிப் சுவிச் 30 மில்லியம்பியர் கசிவிலேயே விழும்படி செய்யப்பட்டிருப்பது ஈர உடம்போடு நிற்கும் ஆளைக் காப்பாற்றத்தான். அதைத் தாண்டி நேரே வயர் கொடுத்து ஹீற்றரைப் பாவிக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். குளிக்கிற பிள்ளைக்கும் சாவுக்கும் நடுவில் எதுவுமே இல்லாத நிலை அது. அப்படி யாராவது செய்து தந்திருந்தால் இன்றைக்கே கழற்றுவியுங்கள்.

சுவிச்சைப் போட்ட உடனே விழுகிறதா? எலிமென்றின் வெளிக்குழல் வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம், அல்லது வயர் முனை நனைந்திருக்கலாம். மூடியைத் திறந்து ஈரமோ பச்சைப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க வேண்டும், பெரும்பாலும் காஸ்கெற்.

பத்து இருபது நிமிடம் போன பின் விழுகிறதா? எலிமென்றில் மயிரிழை வெடிப்பு. சூட்டில் விரிந்து திறக்கிறது, ஆறினால் மூடுகிறது. சாதாரண மல்ரிமீற்றரில் இது பிடிபடாது. எலக்ட்ரீஷியன் மெகர் என்ற, மின்கசிவைச் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஹீற்றர் நிறுத்தியிருக்கும்போதும் விழுகிறதா? ஹீற்றரைக் குற்றம் சொல்ல முன் கிணற்று மோட்டரைப் பாருங்கள். மழைக்காலத்தில் மோட்டர் அறைக்குள் ஈரம் போவது இங்கே சாதாரணம். மோட்டர், ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்றிச் சோதியுங்கள்.

ட்ரிப் விழவில்லை, ஆனால் ஷவரைத் தொட்டால் மெல்லக் கூசுகிறதா? இனிச் சோதனை வேண்டாம். மெயினை நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த் சரியாக வேலை செய்யவில்லை, ட்ரிப்பும் பழுதாக இருக்கலாம் என்பதற்கு அடையாளம் அது. பாறையும் வறண்ட மண்ணும் உள்ள வளவுகளில் எர்த் கம்பியின் தொடர்பு கோடையில் இன்னும் மோசமாகும். அதை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

## அறிகுறி: குளிர்நீர் நன்றாக வருகிறது, சுடுநீர் நூல்போல வருகிறது

பைப்பின் வாயில் உள்ள வலையைக் கழற்றிப் பொருக்கைத் தட்டிவிடுங்கள். ஷவர் தலையை வினாகிரியில் இரவு முழுக்க ஊற விடுங்கள். பல வீடுகளில் இவ்வளவோடு முடிந்துவிடும். அடுத்தது கீசரின் வாயிலில் உள்ள பாதுகாப்பு வால்வு. அதற்குள் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் சின்ன மூடி இருக்கிறது, அதில் பொருக்கு அடைத்தால் வரத்தே குறையும். கழற்றி ஊற விடலாம், மாற்றினாலும் பெரிய செலவில்லை. பிறகு வளையும் ஹோஸ்களின் வாய்களைப் பாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் வரத்து இல்லையென்றால், சுவருக்குள் பழைய இரும்புக் குழாய் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சுடுநீர் போகும் இரும்புக் குழாய் உள்ளுக்குள் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதைக் கழுவ முடியாது. பிளம்பரைக் கொண்டு சுடுநீருக்கான குழாயைப் புதிதாக ஓட வேண்டும்.

## அறிகுறி: உடனடி ஹீற்றர் சுட்டு, குளிர்ந்து, திரும்பச் சுடுகிறது

தண்ணீர் போதிய வேகத்தில் ஓடாததால் சூடு மிஞ்சி அது தன்னைத் தானே அணைக்கிறது. வால்வைச் சூடு கூடட்டும் என்று பாதி மூடியிருந்தால் முழுக்கத் திறவுங்கள். வாயிலில் உள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவுங்கள், கிணற்று மணலும் பொருக்கும் அங்கேதான் சேரும். ஷவர் தலையை ஊற விடுங்கள். அப்புறம் வீட்டின் மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியின் உயரத்தைப் பாருங்கள். ஷவருக்கு மேலே 3 மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தாலும் கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான். உங்கள் ஹீற்றருக்கு எவ்வளவு வேண்டுமென்று அதன் புத்தகத்தில் போட்டிருக்கும். போதாவிட்டால் சின்ன பூஸ்ரர் பம்ப் ஒன்று தேவைப்படும்.

இவையெல்லாம் சரியென்றால் உள்ளே எலிமென்ற் அறை அடைத்திருக்கிறது. அதை வீட்டில் திறக்க வேண்டாம். என் அபிப்பிராயத்தில் எங்கள் தண்ணீருக்கு உடனடி ஹீற்றரை விடக் கீசரே நல்லது. திறந்து கழுவலாம் என்பதுதான் காரணம்.

வயரையும் ஒருக்காப் பாருங்கள். 4500 வாற்ஸ் ஹீற்றர் ஏறத்தாழ 20 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் போட்டால் பிளக் உருகும். மெயின் போர்ட்டிலிருந்து தனி லைன் வேண்டும்.

## அறிகுறி: நாற்றம், நிறம், தூள்

சுடுநீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் என்றால், தாங்கிக்குள் பாக்டீரியாவும் மக்னீசியம் கம்பியும் சேர்ந்து செய்யும் வேலை. சூட்டை 60 பாகைக்கு மேல் வைத்துச் சில மணிநேரம் விட்டு, முழுக்க வடித்துவிடுங்கள். திரும்ப வந்தால் அலுமினியம்-சிங்க் கம்பி மாற்றிப் போடுங்கள். குளிர்நீரிலும் நாற்றமென்றால் கிணற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளைத் தூள் படிவு உதிர்வது, கழுவும் காலம் வந்துவிட்டது. கிளாஸில் பிடித்தால் பால்போல இருந்து கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்று. சிவப்பு நிறம் இரண்டு பைப்பிலும் வந்தால் செம்மண் அல்லது பழைய குழாய். சுடுநீரில் மட்டும் வந்தால் தாங்கி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது, மக்னீசியம் கம்பியை இன்றே பாருங்கள்.

## அறிகுறி: சொட்டுகிறது

பாதுகாப்பு வால்விலிருந்து, சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது பழுதில்லை. 30 லீற்றர் தண்ணீர் 60 பாகைக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் விரிகிறது. அது போக வழி வேண்டும். ஆறிய பிறகும் சொட்டினால் வால்வின் வாயில் பொருக்கு நிற்கிறது. நெம்பை இரண்டு மூன்று தடவை தூக்கி விடுங்கள், நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். அந்தத் துளையில் கட்டையோ சீலையோ அடைத்து வைக்கக் கூடாது. தெர்மோஸ்டாற் பழுதாகும் நாளில் அடைத்த கீசர் வெடிக்கும், சுவரோடு பெயர்த்துக்கொண்டு போகும்.

தாங்கியின் உடலிலிருந்து சொட்டினால் ஒட்டுவேலை பலிக்காது. புதிதுதான்.

## அறிகுறி: சூரியக் ஹீற்றர் நல்ல வெயிலிலும் வெதுவெதுப்பு

கண்ணாடிக் குழல்களைக் கழுவியிருக்கிறதா? செம்மண் தூசி ஒரு கோடையிலேயே நன்றாகப் படிந்துவிடும். அதை முதலில் செய்யுங்கள். அடுத்தது, யாராவது ஒரு மிக்ஸர் பைப்பைப் பாதியில் விட்டிருந்தால் குளிர்நீர் பின்பக்கமாகக் கலக்கும். பிறகே படிவு. குழலின் அடியில் வெள்ளைச் சேறு இறங்கி நிற்கும். விடியற்காலையில் மட்டும் வடித்துக் கழுவுங்கள். வெயிலில் காய்ந்த வெறும் குழலுக்குள் குளிர்நீர் விட்டால் கண்ணாடி வெடிக்கும்.

அழுத்தமில்லாத வகையில் தாங்கியின் மேலே காற்றுக் குழாய் ஒன்று திறந்தபடி நிற்கும். அது பொருக்கால் அடைத்தால் தாங்கி வீங்கும், அல்லது தண்ணீர் இறங்கும்போது உள்ளே நசுங்கும். கூரை வேலைக்கு வழி சரியில்லையென்றால் ஆளைப் பிடித்துச் செய்யுங்கள்.

## பூட்டிக் கிடந்த வீடு

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து உறவுகள் வருவார்கள். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் வேலையாகக் ஹீற்றரைப் போடுவார்கள். அதற்கு முன் ஜன்னல்களைத் திறந்து, சுடுநீர்ப் பைப்பை ஓட விடுங்கள். நின்ற தண்ணீரும் மக்னீசியமும் சேர்ந்தால் ஐதரசன் வாயு சேர்ந்திருக்கக்கூடும். அந்த நேரம் பக்கத்தில் நெருப்புப் பற்றவைக்க வேண்டாம். பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கிப் பாருங்கள், அசையாவிட்டால் மாற்றும்வரை கரண்ட் கொடுக்காதீர்கள். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்துங்கள். போகும்போது கீசரை வடித்து, பிரேக்கரை நிறுத்திவிட்டுப் போவது நல்லது.

## படிவைக் குறைக்க

சூட்டை உச்சத்தில் வைக்காதீர்கள். 60 பாகைக்கு மேலே போகப் போகப் பொருக்கு வேகமாகப் பிடிக்கும். மிகவும் குறைத்து எந்நேரமும் வெதுவெதுப்பாக வைத்தால் கிருமி வளரும், ஆகவே 55இலிருந்து 60க்குள் நிற்கட்டும். வருடத்துக்கு ஒருக்காக் கழுவுங்கள். மார்கழிக் குளிருக்கு முன் செய்வது வசதி.

மழைநீர் சேர்க்கும் தாங்கி உள்ள வீடுகளில் ஹீற்றருக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் பொருக்குப் பிரச்சினை மிகவும் குறையும். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அந்தக் குழாய்நீர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் ஹீற்றரை அதற்கு மாற்றுங்கள், மற்றப் பாவனைக்குக் கிணறு இருக்கட்டும். இரண்டும் இல்லாதவர்கள் உப்புப் போட்டுப் பாவிக்கும் மென்மையாக்கும் தொட்டியை ஹீற்றர் லைனுக்கு மட்டும் பூட்டலாம். குழாயில் காந்தம் கட்டினால் பொருக்குப் பிடிக்காது என்று விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

புதுக் கீசர் வாங்கும்போது லீற்றரையும் விலையையும் மட்டும் பார்க்காமல், அதன் தட்டைக் கழற்ற முடியுமா, மக்னீசியம் கம்பியும் காஸ்கெற்றும் யாழ்ப்பாணக் கடைகளிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். உவர் பகுதியென்றால் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் தாங்கியிலும் ஊசித்துளை விழும் என்பதை மனதில் வையுங்கள். சுவரில் பூட்ட வருபவரிடம், எலிமென்றை நேரே கீழே இழுத்தெடுக்கும் அளவுக்கு அடியில் இடம் விட்டுப் பூட்டச் சொல்லுங்கள்.